மன்னிக்கும் உரிமை யாருக்கு?

1989 ஏப்ரல் 2 அன்று மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் ஆர்சனலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதிய ஆட்டம் 1-1 என்று முடிந்தது. இரண்டு கோலையும் அடித்தவர் ஒரே ஆள். ஆர்சனலின் கேப்டனும் நடுத் தடுப்பாட்டக்காரருமான டோனி ஆடம்ஸ் முதலில் எதிரணி வலைக்குள் பந்தை அனுப்பினார். ஆட்டம் முடியும் தறுவாயில் தன் அணியின் வலைக்குள்ளேயே ஒரு சேம்சைடு கோல் போட்டார். மறுநாள் ‘டெய்லி மிரர்’ நாளிதழ் அவருடைய படத்துக்குக் கழுதைக் காது வைத்து அச்சிட்டது. அதன்பின் வெளியூர் ஆட்டங்களில் அவர் காலுக்குப் பந்து வந்தாலே கூட்டம் கழுதைபோல் கத்தும்; கேரட்டுகள் பறந்து வந்து விழும். அப்போது அவருக்கு வயது 22.

அதே ஆடம்ஸுக்கு 2011 டிசம்பரில் ஆர்சனல் தன் புதிய மைதானமான எமிரேட்ஸுக்கு வெளியே வெண்கலச் சிலை வைத்தது. 1930களின் அணியைக் கட்டியெழுப்பிய ஹெர்பர்ட் சாப்மனும் கோல்களைக் குவித்த தியரி ஆன்றியும் அவருக்குத் துணையாகச் சிலையானார்கள். பிறகு டென்னிஸ் பெர்க்காம்ப் வந்தார். 2023இல் மேலாளர் ஆர்சென் வெங்கர் வந்தார். ஆடம்ஸை 21 வயதில் கேப்டனாக்கியவரும், அந்த அணிக்கு 2 லீக் பட்டங்களும் 4 கோப்பைகளும் வென்று தந்தவருமான ஜார்ஜ் கிரகாம் மட்டும் அந்த வரிசையில் இல்லை.

ஆர்சனல் ரசிகர்கள் இந்த இருவரையும் பல ஆண்டுகளாக மறுபடி மறுபடி எடைபோட்டு வருகிறார்கள். ஆடம்ஸின் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர் விழுந்து எழுந்த மனிதர், அணியின் ஆன்மா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கிரகாமின் கணக்கு மூடப்படவில்லை. வயதான ரசிகர்கள் அவரை நன்றியோடு பேசத் தொடங்கி, பாதியில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இருவருமே பெருந்தவறு செய்தவர்கள், தண்டனையும் பெற்றவர்கள். ஒருவரை மன்னிக்க முடிந்தவர்களுக்கு இன்னொருவரை மன்னிக்க ஏன் தயக்கம்? மன்னிப்பு என்பது யார் கையில் இருக்கிறது என்ற பழைய கேள்வி இதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஆடம்ஸ். 1990 மே 6 அன்று எசெக்ஸின் ரேலி என்ற ஊரில் அவர் ஓட்டிய கார் ஒரு சுவரில் போய் மோதியது. சட்டம் அனுமதித்த அளவைப்போல நான்கு மடங்குக்கும் மேலான மது அவருடைய உடலில் இருந்தது. அந்த டிசம்பரில் சவுத்எண்ட் நீதிமன்றம் 4 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அதில் பாதியைச் செம்ஸ்ஃபோர்டு சிறையில் கழித்துவிட்டு 1991 பிப்ரவரியில் வெளியே வந்தார். அவர் உள்ளே இருந்த நாட்களில்தான் ஆர்சனல் அந்த லீக் பருவத்தின் ஒரே தோல்வியைச் செல்சீயிடம் சந்தித்தது. மற்ற 37 லீக் ஆட்டங்களிலும் தோற்கவில்லை. கேப்டன் திரும்பி வந்தார், பட்டத்தை உயர்த்தினார். கிரகாம் அவரிடமிருந்து கேப்டன் பொறுப்பைப் பறிக்கவில்லை.

அந்தச் சுவருக்கு முன்னால் யாராவது நடந்துகொண்டிருந்தால்?

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் பிரிட்டனின் அரிஸ்டாட்டிலியன் சொசைட்டிக்காக எழுதிய கட்டுரைகள் இந்தக் கேள்வியைத்தான் பிடித்து உலுக்கின. அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டா என்பது அவர்களுடைய விசாரணை. நேகல் காட்டிய உதாரணங்களில் ஒன்று, குடித்துவிட்டு வண்டியோட்டி நடைபாதையில் ஏற்றிவிடும் ஆள். அங்கே யாரும் இல்லையென்றால் அவர் அலட்சியக்காரர். யாராவது இருந்தால் கொலைகாரர். அவர் செய்தது இரண்டிலும் ஒன்றேதான். மனிதனின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக அவனைப் பழிப்பது நியாயமில்லை என்று நம் அறிவு சொல்கிறது. ஆனாலும் விளைவைப் பார்க்காமல் நம்மால் தீர்ப்புச் சொல்ல முடிவதில்லை. இந்த முரணை நேகல் தீர்த்து வைக்கவில்லை. தீராது என்பதை நேர்மையாகக் காட்டினார், அவ்வளவுதான்.

ஆடம்ஸ் வாழ்க்கையிலேயே இதற்கு மறுபக்கச் சாட்சி இருக்கிறது. 1993 ஏப்ரலில் வெம்பிளியில் லீக் கோப்பை இறுதியாட்டம். ஷெஃபீல்டு வென்ஸ்டேவை ஆர்சனல் 2-1 என்று வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஸ்டீவ் மோரோ என்ற இளைஞர். மகிழ்ச்சியில் ஆடம்ஸ் அவரைத் தோளில் தூக்க முயன்றார். மோரோ வழுக்கி விழுந்து கை முறிந்தது. பதக்கம் வாங்கப் படியேற வேண்டியவரை ஆக்சிஜன் முகமூடியோடு வெளியே கொண்டுபோனார்கள். ஆக, நிதானத்தோடு, அன்போடு செய்த காரியத்தில் ஒருவனுக்கு எலும்பு முறிந்தது; நிதானமிழந்து செய்த காரியத்தில் ஒரு சுவர் மட்டும் இடிபட்டது. முதலாவதை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டாவதைக் குற்றம் என்று சொல்பவர்களும், “நல்லவேளை” என்ற சொல்லோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். சிலை வரைக்கும் நீண்ட ஆடம்ஸின் கதை முழுவதும் அந்த நல்லவேளையின்மேல் நிற்கிறது.

அதனால் அவருடைய மீட்சி பொய்யாகிவிடாது. 1996 ஜூனில் இங்கிலாந்து கேப்டனாக யூரோ கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு அவர் வாரக்கணக்கில் குடித்தார். ஆகஸ்டில் நிறுத்தினார். செப்டம்பரில் தன் அணித் தோழர்களிடமும் உலகத்திடமும் தான் ஒரு குடிநோயாளி என்று சொன்னார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வழியைப் பிடித்துக்கொண்டார். 2000இல் அடிமைப்பழக்கத்தில் சிக்கிய விளையாட்டு வீரர்களுக்காக ‘ஸ்போர்ட்டிங் சான்ஸ்’ என்ற மறுவாழ்வு அமைப்பையும் நிறுவினார்.

1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் ஏக்ரனில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் 12 படிகளை வாசிப்பவர்களுக்கு அது மருத்துவக் குறிப்பாகத் தோன்றாது. பாவ மன்னிப்புச் சடங்கின் எலும்புக்கூடு அதில் தெரியும். கிறிஸ்தவ எழுச்சிக் குழு ஒன்றிலிருந்து கிளைத்த இயக்கம் அது. தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது, தன்னைவிடப் பெரிய ஒன்றிடம் தன்னை ஒப்படைப்பது, தன் குற்றங்களை அஞ்சாமல் கணக்கெடுப்பது, அதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது, தீங்கு செய்தவர்களின் பட்டியலைப் போட்டு ஒவ்வொருவரிடமும் போய் ஈடுசெய்வது என்று அது நீள்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம். அந்தப் பட்டியலில் ஆர்சனலின் பழைய மைதானமான ஹைபரியின் மேடைகளில் நின்று கத்திய ஆயிரக்கணக்கானவர்கள் வரமாட்டார்கள். வீட்டில் காத்திருந்தவர்கள் வருவார்கள். ரேலியில் அந்தச் சுவருக்கு அப்பால் வசித்தவர்கள் வருவார்கள்.

இந்த இடத்தில் ரசிகர்களின் மன்னிப்பு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆடம்ஸ் அவர்களுக்கு என்ன தீங்கு செய்தார்? எதுவுமில்லை. குடித்த நாட்களிலும் ஞாயிறு, சனி என்று பாராமல் தலையைக் கொடுத்துப் பந்தைத் தடுத்தார். 669 ஆட்டங்கள் ஆடினார். மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் லீக் பட்டத்தை உயர்த்தினார். அவரால் ஆபத்துக்குள்ளானவர்கள் பெயர் தெரியாத பாதசாரிகள். அவர்கள் சார்பில் மன்னிக்க ஆர்சனல் ரசிகருக்கு என்ன அதிகாரம்? யாருக்கோ செய்யப்பட்ட குற்றத்தை மன்னிப்பது மிக எளிது. மன்னிப்பவருக்கு அதில் செலவு எதுவும் இல்லை. பெருந்தன்மையின் இன்பம் மட்டும் மிஞ்சுகிறது.

கிரகாமின் கதையில் நிலைமை தலைகீழ்.

கிளாஸ்கோவுக்கு அருகே பார்கெடி என்ற ஊரில், ஏழு பிள்ளைகளில் கடைசியாக 1944இல் பிறந்தவர் அவர். குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். 1971இல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்ற ஆர்சனல் அணியில் ஆடினார். அவசரப்படாத, அழகான ஆட்டத்துக்காக அவரை ‘உலா போகிறவர்’ என்ற பொருளில் செல்லப்பெயரிட்டு அழைத்தார்கள். அந்த மனிதர்தான் 1986இல் மேலாளராகத் திரும்பி வந்தபோது இங்கிலாந்திலேயே கறாரான பயிற்சிக்குப் பெயர் வாங்கினார். வெளியூர்ப் பயணத்தில் கோட்டும் டையும் கட்டாயம். பயிற்சித் திடலில் பின்வரிசை நால்வரையும் ஒரு கயிற்றைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நகரச் சொல்வாராம். ஒருவர் ஏறினால் நால்வரும் ஏற வேண்டும்; ஒருவர் கை தூக்கினால் நால்வர் கையும் ஆஃப்சைடு கேட்டு உயர வேண்டும். ஸ்டோக் அணியிலிருந்து லீ டிக்சனையும் ஸ்டீவ் போல்டையும், விம்பிள்டனிலிருந்து நைஜல் விண்டர்பர்னையும் பெரிய விலை கொடுக்காமல் வாங்கி, ஆடம்ஸோடு கோத்து அவர் அமைத்த பின்வரிசை 1990-91 லீக்கின் 38 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 18 கோல்கள்.

அவரைச் சலிப்பூட்டும் ஆட்டத்தின் தந்தை என்று நினைவு வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 1989 மே 26 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பட்டம் என்ற நிலையில் ஆர்சனல் இறங்கியது. கடைசி நிமிடத்தில் மைக்கேல் தாமஸ் அடித்த கோலால் 2-0. இரு அணிகளுக்கும் 76 புள்ளிகள். அடித்ததற்கும் வாங்கியதற்கும் உள்ள வித்தியாசமும் சமம், 37. பட்டத்தைத் தீர்மானித்தது அடித்த கோல்களின் எண்ணிக்கை. ஆர்சனல் 73, லிவர்பூல் 65. தடுப்பாட்ட வெறியர் என்று பெயரெடுத்தவர் தன் முதல் பட்டத்தை அதிகக் கோல் அடித்ததற்காகவே வாங்கினார். உண்மைதான், பிற்பாடு வறட்சி வந்தது. 1992-93 பருவத்தில் 42 ஆட்டங்களில் 40 கோல்கள்தான். அந்த லீக்கில் வேறெந்த அணியும் அவ்வளவு குறைவாக அடிக்கவில்லை. அதே பருவத்தில்தான் உள்நாட்டுக் கோப்பைகள் இரண்டையும் வென்றார்கள். நினைவு தனக்குப் பிடித்த பாதியை வைத்துக்கொள்கிறது.

கறார் என்பதற்கு ஒரு விலையும் இருந்தது. டேவிட் ரோகாஸில் ஹைபரியின் செல்லப்பிள்ளை. முழங்கால் காயத்தால் வேகம் குறைந்த அவரைக் கிரகாம் 1992இல் லீட்ஸுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு விற்றார். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் சரியான முடிவு. ரோகாஸில் 2001இல், 33 வயதில், புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரை ரசிகர்கள் இன்றும் பாடுகிறார்கள். அந்த விற்பனையை அவர்கள் கிரகாமின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். இறப்புக்கும் விற்பனைக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தும் அழிக்கவில்லை. நேகல் சொன்னது இங்கேயும் வேலை செய்கிறது: பின்னால் வந்த துயரம் முன்னால் எடுத்த முடிவைக் கறுப்பாக்கிவிடுகிறது.

பிறகு அந்தப் பணம். நார்வேக்காரரான ரூனே ஹௌகே என்ற முகவர் வழியாக ஆர்சனல் பால் லிடர்சனையும் டென்மார்க்கின் ஜான் யென்சனையும் வாங்கியது. ஹௌகேயிடமிருந்து கிரகாமுக்கு மொத்தம் 4,25,000 பவுண்டு வந்து சேர்ந்தது. தான் கேட்டு வந்ததல்ல, அன்பளிப்பு என்பது அவருடைய விளக்கம். பின்னர் அந்தப் பணத்தை வட்டியோடு அணிக்குத் திருப்பிக் கொடுத்தார். 1995 பிப்ரவரியில் ஆர்சனல் அவரை வேலையிலிருந்து நீக்கியது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஓராண்டுத் தடை விதித்தது. பேராசைக்கு இடம் கொடுத்துவிட்டதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஒப்புதலைக் கேட்க அப்போது யாரும் காத்திருக்கவில்லை. அவர் லீட்ஸுக்குப் போய், 1998இல் ஆர்சனலின் பரம வைரியான டாட்டன்ஹாமுக்கே மேலாளராகியிருந்தார். காயத்தில் உப்பு.

12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் மனந்திரும்புதலுக்கு வகுத்த விதிகள் இந்த இருவருக்கும் உரைகல்லாகப் பொருந்துகின்றன. பழைய குற்றத்தைச் செய்ய அதே வாய்ப்பும் அதே வலிமையும் மறுபடி அமைந்து, அப்போதும் ஒருவன் விலகி நின்றால் அதுவே முழுமையான திருந்துதல் என்கிறார் அவர். மதுக்கடைகள் நிறைந்த நாட்டில் 1996 முதல் குடிக்காமல் இருக்கும் ஆடம்ஸ் இதில் நாள்தோறும் தேறுகிறார். மைமோனிடிஸின் இன்னொரு விதி கடுமையானது. இறைவனுக்கு எதிரான பாவத்தை இறைவன் மன்னிப்பார். சக மனிதனுக்கு எதிரான பாவத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க முடியும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் போதாது, அவன் மனத்தை ஆற்ற வேண்டும். அதே சமயம், மனமுவந்து கேட்கப்பட்ட மன்னிப்பை மறுப்பவனையும் அவர் கண்டிக்கிறார்.

இந்த விதியின்படி, கிரகாமை மன்னிக்கும் உரிமை உண்மையிலேயே ஆர்சனல்காரர்களுக்கு இருக்கிறது. அவர் ஏமாற்றியது அவர்களைத்தான். நுழைவுச்சீட்டுக் காசு சேர்ந்த கஜானாவிலிருந்து போன பணம் சுற்றி வந்து அவர் கைக்குப் போனது. அதனால்தான் அது அவ்வளவு சுட்டது. சமூகத்தின் கண்ணில் பார்த்தால் நான்கு மடங்கு போதையில் காரோட்டியதே பெரிய குற்றம். ஓர் உயிர் போயிருக்கலாம். அணியின் கண்ணில் பார்த்தால் கைநீட்டிப் பணம் வாங்கியதே பெரிய குற்றம். ரசிகர்கள் தங்களுக்கு உரிமை இல்லாத இடத்தில் தாராளமாக மன்னித்தார்கள். உரிமை உள்ள இடத்தில் முப்பது ஆண்டுகளாக இழுத்தடிக்கிறார்கள்.

குடிக்கு நோய் என்ற பெயர் கிடைத்துவிட்டதும் ஒரு காரணம். நோயாளியிடம் இரக்கம் வருகிறது. பேராசையை எந்த மருத்துவரும் நோய்ப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கிரகாமின்மேல் இதைவிட ஆழமான ஒரு குற்றச்சாட்டு வைக்கலாம். அதைப் பேசுபவர்கள் குறைவு. கயிறு கட்டிப் பயிற்சி கொடுத்தவர், கோட்டு டை வரைக்கும் கவனித்தவர், வீரர்களின் குடியை ஏன் கண்டுகொள்ளவில்லை? புதன்கிழமை விடுமுறை என்பதால் செவ்வாய் பயிற்சி முடிந்ததும் மதுக்கடைக்குப் போகும் ‘செவ்வாய்க்கிழமைக் கிளப்’ அந்த அணியில் ஊரறிந்தது. 1994 நவம்பரில் அந்த அணியின் வீரர் பால் மெர்சன் குடி, கொகெய்ன், சூதாட்டம் மூன்றுக்கும் அடிமையாகிவிட்டதை வெளியே சொன்னார். சனிக்கிழமை நன்றாக ஆடினால் போதும் என்ற கறார், மனிதனை 90 நிமிடத்துக்கு மட்டும் அளக்கிற கறார். சிறைக்குப் போன கேப்டனைக் கைவிடாதது விசுவாசம்தான்; ஆனால் அந்த விசுவாசம் அவரைக் குடியிலிருந்து மீட்கவில்லை, கிரகாம் இருந்த அடுத்த நான்கு ஆண்டுகளும் குடித்தபடியே ஆடவிட்டது. அக்கால இங்கிலாந்துக் கால்பந்து முழுவதும் அப்படித்தான் இருந்தது என்பது உண்மை; அது காரணத்தைச் சொல்கிறது, பொறுப்பை நீக்குவதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வள்ளுவர் நினைவுக்கு வருவது இயல்பு. குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, மிகுதி எதுவோ அதைக்கொண்டு ஒருவரை மதிப்பிடச் சொன்னவர் அவர். ஆனால் அந்த அறிவுரை இருக்கும் அதிகாரம் தெரிந்து தெளிதல். அரசன் ஒருவரைப் பணிக்கு எடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனை பற்றியது. ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு முடிவு வேண்டும். அங்கே கழித்துக் கூட்டித்தான் ஆகவேண்டும். முடிந்துபோன ஒரு வாழ்க்கைப் பணியை நினைவுகூர அப்படிக் கழிக்க வேண்டிய கட்டாயம் என்ன? 1989இலிருந்து 1995ஐக் கழித்தால் வருகிற மீதி எந்த மனிதரும் அல்ல.

கழித்துப் பார்க்க முடியாது என்பதற்கு ஆர்சனல் ரசிகர் நெஞ்சில் பதிந்த ஒரு கோலே சாட்சி. 1998 மே 3, எவர்டனுக்கு எதிராக ஹைபரியில் லீக் பட்டம் உறுதியான நாள். கடைசி நிமிடங்களில் ஒரு தடுப்பாட்டக்காரர் தடுப்பாட்ட எல்லையைத் தாண்டி ஓட, இன்னொரு தடுப்பாட்டக்காரர் பந்தைத் தூக்கிக் கொடுக்க, இடது காலால் அடித்த பந்து வலைக்குள் போனது. 4-0. இரு கைகளையும் விரித்து நின்றார் ஆடம்ஸ். சிலையில் இருப்பதும் அந்தக் கோலம்தான். வெங்கர் கொண்டுவந்த விடுதலையின் சின்னமாக அந்தக் கோலைச் சொல்வார்கள். சரிதான். உணவு, உடற்பயிற்சி, சுதந்திரம் எல்லாவற்றையும் மாற்றித் தடுப்பாட்டக்காரர்களின் ஆட்ட ஆயுளை நீட்டியவர் வெங்கர். ஆனால் பந்தைத் தூக்கிக் கொடுத்த ஸ்டீவ் போல்டை 1988இல் வாங்கியவர் கிரகாம். அந்தப் பருவத்தில் வெங்கர் நம்பியிருந்த கோல்கீப்பர் சீமன், டிக்சன், விண்டர்பர்ன் மூவரையும், விற்றுவிட்டு 1993இல் திரும்ப அழைத்த மார்ட்டின் கியோனையும் கொண்டுவந்தவரும் அவரே. ஆடம்ஸ் குடியை நிறுத்திய சில வாரங்களில் வெங்கர் வந்து சேர்ந்தது ஆடம்ஸின் அதிர்ஷ்டம். கட்டிமுடித்த கோட்டைக்குள் வந்து இறங்கியது வெங்கரின் அதிர்ஷ்டம். கட்டியவர் அப்போது லீட்ஸில் இருந்தார்.

சாப்மன்கூட ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்டவர்தான். அவர் மேலாளராக இருந்த லீட்ஸ் சிட்டி அணி, போர்க்காலத்தில் வீரர்களுக்கு முறைகேடாகப் பணம் கொடுத்ததாக 1919இல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. சாப்மனுக்கு வாழ்நாள் தடை. அந்தச் சமயத்தில் தான் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பணியில் இருந்ததாக வாதாடி 1921இல் தடையை நீக்கிக்கொண்டார். கிரகாமின் வழக்கு இதற்குச் சமமானதல்ல. அவர் பணம் வாங்கியது உண்மை. ஆனாலும் ஓராண்டுத் தடையை முழுதாக அனுபவித்தார், வட்டியோடு கட்டினார், பேராசை என்று அதன் பெயரைச் சொன்னார். மைமோனிடிஸ் கேட்ட மனமாற்றத்துக்குச் சாட்சி வேண்டுமானால் இதற்குமேல் ஒரு மனிதரிடம் கேட்க அதிகம் இல்லை.

1944இல் பிறந்த கிரகாம் இன்று எண்பதைக் கடந்த முதியவர். நன்றியோ மன்னிப்போ, சொல்ல வேண்டியது எதுவானாலும் அவர் காதில் விழும்படி சொல்லும் காலம் இது. ஆன்ஃபீல்டு இரவைக் கொண்டாடும் ஆர்சனல் ரசிகர்கள் அவர் பெயரையும் குரலைத் தாழ்த்தாமல் சொல்லட்டும். 4,25,000 பவுண்டை மறைக்கவும் வேண்டாம். மன்னித்துவிட்டோம் என்று சொல்லும் உரிமை அவர்களிடம்தான் இருக்கிறது. வேறு யாரும் அவர்கள் சார்பில் அதைச் சொல்ல முடியாது.